இதய எம்.ஆர்.ஐ. ஸ்கேன்: நம்ம பக்கத்து ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் டிரஸ்ஸராக, அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு எனக்குத்தான், கேள்விகளுக்கு இல்லை. கோப்பிக் கடை, கோயில் வாசல், கல்யாணப் பந்தி என்று எங்கே போனாலும் யாராவது ஒரு கடிதத்தை நீட்டி, "ஹார்ட்டுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்றாங்க, இது என்ன?" என்கிறார்கள். அதிகம் வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் உடம்புக்கு எது சரி என்று சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர். அவரிடம் போகும்போது என்ன கேட்பது என்று தெரிந்து போங்கள், அதற்குத்தான் இது.

"எக்ஸ்ரே மாதிரிதானே சார்? கதிர் உடம்புல ஏறிடாதா?"

ஏறாது. எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், ஆஞ்சியோகிராம் மூன்றிலும் எக்ஸ் கதிர் உண்டு. எம்.ஆர்.ஐ.யில் கிடையாது, பெரிய காந்தமும் ரேடியோ அலையும்தான். உடம்பில் தண்ணீர் உள்ள இடமெல்லாம் ஹைட்ரஜன் இருக்கிறது. காந்தத்துக்குள் படுத்ததும் அந்த அணுக்களில் ஒரு சிறு பங்கு காந்தத்தின் போக்கில் அணிவகுக்கும். ரேடியோ அலையால் அவற்றைத் தட்டிவிட்டால், பழைய நிலைக்குத் திரும்பும்போது மெல்லிய சிக்னல் ஒன்று வரும். தசை, கொழுப்பு, ரத்தம், தழும்பு என்று ஒவ்வொன்றும் திரும்பும் வேகம் வேறு. அந்த வித்தியாசத்தைத்தான் கம்ப்யூட்டர் படமாக்குகிறது. இதற்கு அடிப்படை போட்ட பால் லாட்டர்பர், பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் இருவருக்கும் 2003ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, கதிருக்குப் பயப்பட வேண்டாம். காந்தத்துக்குத்தான் கொஞ்சம் பயம் வேண்டும். இதயத்துக்குப் பெரும்பாலும் பயன்படும் 1.5 டெஸ்லா இயந்திரம், பூமியின் காந்தப் புலத்தைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு பலம் கொண்டது. அதைப் பற்றித் தாலிக் கேள்வியில் சொல்கிறேன்.

"இ.சி.ஜி. எடுத்தாச்சு, எக்கோ எடுத்தாச்சு. இன்னும் எதுக்கு இது? காசு பிடுங்கவா?"

கோபம் புரிகிறது. ஆனால் மூன்றும் மூன்று வேலை. இ.சி.ஜி. இதயத்தின் மின்சாரத்தைப் பார்க்கும். எக்கோ ஒலி அலையை வைத்து, இதயம் எப்படி அசைகிறது, வால்வு எப்படித் திறந்து மூடுகிறது என்று பார்க்கும். வேகமாக முடியும், கட்டிலுக்கே கொண்டு வரலாம், செலவும் குறைவு. முதலில் எக்கோதான் எடுக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. வால்வு நோய்க்குப் பெரும்பாலும் எக்கோவே போதும்.

ஆனால் உடம்பு பருமனாக இருந்தாலோ நுரையீரல் குறுக்கே வந்தாலோ எக்கோ படம் மங்கும். இன்னொன்று, தசை சரியாக அசையவில்லை என்று எக்கோ காட்டிக்கொடுக்கும். ஏன் அசையவில்லை என்பதைப் பல சமயம் அதனால் சொல்ல முடியாது. அந்த "ஏன்" என்ற கேள்விக்குத்தான் எம்.ஆர்.ஐ. கடிதம் கையில் வந்ததும் டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இந்த ஸ்கேன்ல எதைத் தெரிஞ்சிக்கப் போறீங்க?" அதற்குத் தெளிவான பதில் கிடைத்தால், ஸ்கேன் காசு பிடுங்குகிற வேலை இல்லை.

"அடைப்பு எத்தனை, எத்தனை சதவிகிதம்னு இதுல தெரிஞ்சிடும்தானே?"

இந்த எதிர்பார்ப்போடு போகிறவர்கள்தான் அதிகம். தெரியாது. இதயத்தின் ரத்தக்குழாய்கள் மெல்லியவை, இதயத்தோடு சேர்ந்து ஓயாமல் ஆடுபவை. அவற்றுக்குள் அடைப்பைப் பார்க்க சி.டி. ஆஞ்சியோவோ, கை மணிக்கட்டு அல்லது தொடை வழியாக ட்யூப் விட்டு எடுக்கும் ஆஞ்சியோகிராமோதான் சரி.

அடைப்பால் தசைக்கு ரத்தம் குறைகிறதா என்று பார்க்க மட்டும் எம்.ஆர்.ஐ.யில் வழி உண்டு. மருந்து கொடுத்து இதயத்தை வேலை வாங்கி எடுக்கும் ஸ்ட்ரெஸ் ஸ்கேன் அது. குழாய் பாதி அடைத்திருந்தாலும் தசைக்குப் போதுமான ரத்தம் போகிறது என்று தெரிந்தால் பலூன், ஸ்டென்ட் இல்லாமல் மருந்திலேயே சமாளிக்க முடியும். நெஞ்சு வலியோடு வந்தவர்களில் இந்த ஸ்கேனைப் பார்த்து முடிவெடுத்தாலும், ட்யூப் விட்டு அழுத்தம் அளந்து முடிவெடுத்தாலும், ஒரு வருடம் கழித்துப் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 2019ல் வெளியான எம்.ஆர்.-இன்ஃபார்ம் என்ற ஆய்வு காட்டியது.

"அப்புறம் வேற என்னதான் காட்டும்?"

தழும்பு. மாரடைப்பில் செத்துப்போன தசை மறுபடி தசையாக வராது, தழும்பாகிவிடும். கடோலினியம் என்ற மருந்தைக் கை நரம்பில் ஏற்றி 10, 15 நிமிடம் கழித்துப் படம் எடுத்தால், நல்ல தசை கறுப்பாகவும் தழும்பு பளிச்சென்று வெள்ளையாகவும் தெரியும். சில மில்லிமீட்டர் தழும்பைக்கூடப் பிடித்துவிடலாம்.

இதன் அருமை பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர்களுக்கு உடனே புரியும். அளவுக்கு மீறி வெட்டிய மரம் பால் கொடுப்பதை நிறுத்திவிடும். சில மரம் பட்டுப்போனது. சிலதை வெட்டாமல் ஓய்வு கொடுத்தால் திரும்பப் பால் விடும். இதயத் தசையும் இப்படித்தான். ரத்தம் பற்றாமல் அசைவை நிறுத்திக்கொண்டு உயிரோடு இருக்கும் தசையும், செத்த தசையும் எக்கோவில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எம்.ஆர்.ஐ.யில் இரண்டும் பிரிந்து தெரியும். தழும்பு சுவரின் பருமனில் கால் பங்குக்கும் குறைவு என்றால், ரத்த ஓட்டத்தைச் சரிசெய்தபின் அந்த இடம் மீண்டும் அசைய நல்ல வாய்ப்பு உண்டு. பாதிக்கு மேல் தழும்பு என்றால் வாய்ப்பு குறைவு. 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வுகளிலேயே இது தெளிவாகிவிட்டது. பைபாஸ் செய்வதா வேண்டாமா என்று டாக்டர்கள் யோசிக்கும்போது இதையும் ஒரு கணக்காக வைத்துக்கொள்கிறார்கள்.

"தம்பிக்கு நெஞ்சு வலி வந்து ஆஞ்சியோகிராம் எடுத்தாங்க. குழாய் எல்லாம் சுத்தம்னுட்டாங்க. ஆனா ரத்தப் பரிசோதனை மாரடைப்புன்னு காட்டுது. எதை நம்புறது?"

இரண்டையுமே நம்பலாம். அந்த ரத்தப் பரிசோதனையில் ட்ரோபோனின் என்ற பொருள் ஏறியிருக்கிறது என்றால் இதயத் தசைக்கு அடி பட்டிருக்கிறது என்று அர்த்தம். எதனால் பட்டது என்பதை அது சொல்லாது. சிறு ரத்தக்கட்டி ஒன்று குழாயை அடைத்துத் தானாகக் கரைந்திருக்கலாம். வைரஸ் காய்ச்சலால் தசையில் அழற்சி வந்திருக்கலாம். கோவிட்டுக்குப் பிறகும், சில சமயம் டிங்கிக்குப் பிறகும் இப்படி வரும். பெரிய அதிர்ச்சி, துக்கத்துக்குப் பின் இதயத்தின் முனை சில நாள் பலூன் போல உப்புவதும் உண்டு, வயதான பெண்களுக்கு அதிகம்.

எம்.ஆர்.ஐ. கைகொடுக்கும் இடங்களில் இது முக்கியமானது. மாரடைப்புத் தழும்பு எப்போதும் சுவரின் உள்பக்கத்தில் தொடங்கி வெளியே பரவும். அழற்சித் தழும்பு பெரும்பாலும் வெளிப்பக்கத்திலோ நடுவிலோ இருக்கும், கூடவே தசையில் நீர் கோத்திருப்பதும் தெரியும். தழும்பு இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. மருந்தும் அதற்கேற்ப மாறும், அதனால் டாக்டர் தம்பிக்கு எழுதிக் கொடுத்தால் தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள்.

"மகளுக்குத் தலசீமியா, மாசா மாசம் ரத்தம் ஏத்துறோம். ஹார்ட் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு ஸ்கேன்?"

நன்றாக இருக்கும்போதே எடுப்பதுதான் இதில் விஷயம். ஏற்றும் ஒவ்வொரு பை ரத்தத்திலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறது. அதை வெளியேற்ற உடம்புக்குத் தானாக வழி கிடையாது. கல்லீரலிலும் இதயத்திலும் படிந்துகொண்டே போகும். இதயம் சத்தமில்லாமல் தாங்கும், ஒரு கட்டத்தில் சட்டென்று தளர்ந்துவிடும். எக்கோவில் குறை தெரிய ஆரம்பிக்கும்போது நாள் கடந்திருக்கும். உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை பரவாயில்லை என்று சொல்லும் நேரத்திலும் இதயத்தில் இரும்பு நிறைந்திருக்கலாம்.

எம்.ஆர்.ஐ.யில் எடுக்கும் டி2 ஸ்டார் என்ற அளவீடு இதற்காகவே. ஊசி மருந்துகூடத் தேவையில்லை. 20 மில்லி செகண்டுக்கு மேல் வந்தால் நிம்மதி. 20க்குக் கீழே இரும்பு படிந்திருக்கிறது. 10க்குக் கீழே போனால் இதயம் தளரும் ஆபத்து அதிகம், இரும்பை வெளியேற்றும் மருந்தை டாக்டர்கள் உடனே கூட்டுவார்கள். இந்த அளவீட்டை 2001ல் லண்டனில் உள்ள மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு தலசீமியா பிள்ளைகள் இதயத்தால் இறப்பது நன்றாகக் குறைந்தது.

"எங்க போய் எடுக்கிறது? நம்ம ஊர்லயே எடுக்கலாமா?"

எம்.ஆர்.ஐ. இருக்கும் எல்லா இடத்திலும் இதயத்துக்கு எடுக்க மாட்டார்கள். ஆடும் உறுப்பைப் படம் பிடிக்கத் தனி மென்பொருளும், பழகிய ரேடியோகிராஃபரும், படத்தைப் படிக்கத் தெரிந்த டாக்டரும் வேண்டும். வழக்கமான பாதை இது: அரசாங்கத்தின் கிளினிக் கெசிஹாத்தான் (சுகாதாரக் கிளினிக்), அங்கிருந்து மருத்துவமனை, பிறகு 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவில் நிபுணர், அவர் எங்கே எழுதித் தருகிறாரோ அங்கே. கோலாலம்பூரில் 1992ல் தொடங்கிய தேசிய இருதயக் கழகம், நாம் ஐ.ஜே.என். என்று சொல்வது, இந்த ஸ்கேனை வழக்கமாகச் செய்யும் இடம். தனியாரில் எடுப்பவர்கள் இன்சூரன்ஸ் கேரண்டி லெட்டர் கையில் வந்தபிறகு தேதி போடுங்கள். மொத்தச் செலவை, ஊசி மருந்து உட்பட, முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

"அன்னைக்குக் காலையில பசியாறலாமா? ஒரு மைலோ குடிச்சா தப்பா?"

சாதாரண ஸ்கேனுக்குச் சில இடங்களில் சில மணி நேரம் மட்டும் சாப்பிட வேண்டாம் என்பார்கள். ஸ்ட்ரெஸ் ஸ்கேன் என்றால் கதை வேறு. அதில் அடினோசின் என்ற மருந்து கொடுப்பார்கள், காஃபின் அதன் வேலையைக் கெடுத்துவிடும். அதனால் 24 மணி நேரத்துக்கு முன்பே கோப்பி, தேத்தண்ணி, கோலா, சாக்லேட், மைலோ எல்லாம் நிறுத்த வேண்டும். தே தாரேக் ஒரு மடக்குதானே என்று பார்க்காதீர்கள். பெனடால் எக்ஸ்ட்ராவிலும் காஃபின் இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது.

அடினோசின் ஏறும்போது உடம்பு சூடாகும், நெஞ்சு இறுகும், மூச்சு முட்டுவது போல இருக்கும். மூன்று நான்கு நிமிடம்தான். நிறுத்திய ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். ஆஸ்துமா இருந்தால் கண்டிப்பாக முன்கூட்டியே சொல்லுங்கள், வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

"உள்ள என்னதான் நடக்கும்? எவ்வளவு நேரம் ஆகும்?"

45 நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை. நெஞ்சில் இ.சி.ஜி. வயர் ஒட்டி, மேலே கனமான ஒரு தட்டு வைத்து, குழாய் போன்ற இயந்திரத்துக்குள் தள்ளுவார்கள். சத்தம் பலமாக இருக்கும், காதுக்கு அடைப்பான் தருவார்கள். கையில் ஒரு ரப்பர் உருண்டை இருக்கும், முடியவில்லை என்றால் அதை அமுக்கினால் ஆள் வருவார்.

உங்கள் வேலை மூச்சைப் பிடிப்பது. ஸ்பீக்கரில் மலாயில் "தாரிக் நஃபாஸ்... லெபாஸ்... தாஹான்" என்று வரும். அதாவது இழுத்து, வெளியே விட்டு, அப்படியே நிறுத்த வேண்டும். 10 முதல் 15 விநாடி. பலரும் இழுத்ததுமே நிறுத்திவிடுகிறார்கள், ஒவ்வொரு படத்துக்கும் இதயம் வேறு வேறு இடத்தில் நிற்கும், மறுபடி எடுக்க வேண்டியதுதான். ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே வீட்டில் படுத்துக்கொண்டு பழகுங்கள். பேரப்பிள்ளைகளைச் சொல்லச் சொன்னால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

"தாலியைக் கழட்டச் சொல்வாங்களாமே? நான் கழட்ட மாட்டேன்."

கழற்றத்தான் வேண்டும் அக்கா. சுத்தத் தங்கத்தைக் காந்தம் இழுக்காது, உண்மைதான். ஆனால் நகையில் கலந்திருக்கும் மற்ற உலோகமும் கொக்கியும் யாருக்குத் தெரியும்? இழுக்காவிட்டாலும் நெஞ்சுக்கு நேரே சங்கிலி கிடந்தால் சூடாகித் தோலைச் சுடலாம், படமும் கெடும். நம் பெண்கள் பலர் முதல் நாளே மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிப் போட்டுக்கொண்டு போகிறார்கள். யாரும் தடுத்ததில்லை. மூக்குத்தி, மெட்டி, அரைஞாண், தாயத்து, கொண்டை ஊசி, பல்செட் எல்லாமே வெளியே. தோலில் ஒட்டியிருக்கும் கோயோக் (உடம்பு வலிக்கு ஒட்டும் மருந்துப் பட்டை), நெஞ்சு வலிப் பட்டை, சர்க்கரை அளக்கும் சென்சார் ஆகியவற்றைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். சில பட்டைகளின் பின்பக்கம் மெல்லிய உலோகத் தகடு இருக்கிறது.

துணைக்குப் போகிறவர்களுக்கும் இதே சட்டம்தான். ஸ்கேன் ஓடாவிட்டாலும் காந்தம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், ராத்திரியிலும் அணைக்க மாட்டார்கள். 2018 ஜனவரியில் மும்பையில் நோயாளிக்குத் துணையாகப் போன ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு அறைக்குள் நுழைந்தார். காந்தம் இழுத்த இழுப்பில் உயிரே போய்விட்டது.

"சார், கொஞ்சம் ரகசியம்... முகத்துல சுசுக் போட்டிருக்கேன். சொல்லணுமா?"

சொல்லணும். சுசுக் என்பது அழகுக்கும் வசியத்துக்கும் என்று தோலுக்கடியில் வைக்கும் மெல்லிய ஊசி. அது என்ன உலோகம் என்று போட்டவருக்கே நிச்சயமாகத் தெரியாது. இந்த நாட்டு ரேடியோகிராஃபர்களுக்கு இது புதிது இல்லை, யாரும் சிரிக்க மாட்டார்கள். எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். எங்கே, எத்தனை என்று பார்த்து முடிவு செய்வார்கள். குடும்பத்தார் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

"தைப்பூசத்துக்கு அலகு குத்தினேன், அது பரவாயில்லையா?"

வேல், கொக்கி எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டது என்றால் பிரச்சினை இல்லை. புண் ஆறாமல் இருந்தால் சொல்லுங்கள்.

"புல்லு வெட்டுற மிஷின்ல வேலை. ஒரு தடவை கண்ணுல ஏதோ தெறிச்சிச்சு, அப்புறம் சரியாயிடுச்சு."

இதை மறைக்கவே கூடாது. கம்பிப் பற்றவைப்பு, கிரைண்டர் வேலை செய்தவர்களும் அப்படியே. கண்ணுக்குள் தங்கிய இரும்புத் துகள் கடுகளவு இருந்தாலும் காந்தத்தில் நகர்ந்து பார்வையைப் பறித்துவிடலாம். முதலில் கண்ணுக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

"ஸ்டென்ட் வச்சிருக்கு. காந்தம் பிடுங்கிடாதா?"

பிடுங்காது. இதயத்தில் வைக்கும் ஸ்டென்டுகள் காந்தம் இழுக்காத அல்லது மிகமிகக் குறைவாக இழுக்கும் உலோகத்தில் செய்தவை. வைத்த சில நாளிலேயே ஸ்கேன் எடுக்கலாம். பைபாஸ் செய்தபின் நெஞ்செலும்பைக் கட்டிய கம்பியும், செயற்கை வால்வும் தடையில்லை. அந்த இடத்தைச் சுற்றிப் படம் கொஞ்சம் கறுப்பாக விழும், அவ்வளவுதான். உண்மையில் பயப்பட வேண்டியவை வேறு: மூளை ரத்தக்குழாயில் போட்ட பழைய கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி.

"பேஸ்மேக்கர் இருந்தா முடியவே முடியாதுன்னு சொன்னாங்களே?"

அது பழைய கதை. எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற பேஸ்மேக்கர்கள் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பேஸ்மேக்கர் அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். மாடலைப் பார்த்து, ஸ்கேனுக்கு முன் கருவியைத் தனி நிலைக்கு மாற்றி, முடிந்ததும் பழையபடி மாற்றுவார்கள். புதிதாக வைத்தவர்களை வழக்கமாக ஆறு வாரம் காத்திருக்கச் சொல்வார்கள். துடிப்பு ஆபத்தாக மாறினால் மின் அதிர்ச்சி கொடுக்கும் ஐ.சி.டி. கருவி இடது நெஞ்சில் இருந்தால் படம் மறையக்கூடும். அப்படி எடுத்துப் பலன் உண்டா என்பதை, மேலே எக்கோக் கேள்வியில் சொன்ன அதே கேள்வியால் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

"இனிப்புநீரால கிட்னி பாதிச்சிருக்கு. அந்த ஊசி மருந்து கிட்னியை முடிச்சிடும்ங்கிறாங்க."

இந்தப் பேச்சுக்கு ஒரு வேர் உண்டு. கிட்னி மோசமாகப் பழுதானவர்கள் சிலருக்குக் கடோலினியத்துக்குப் பிறகு தோலும் மூட்டும் கல்லாக இறுகும் ஒரு நோய் வந்தது, 2006ல்தான் காரணம் பிடிபட்டது. பழைய வகை மருந்துகள் அவை. இப்போதைய வளைய வகை மருந்தில் அந்த ஆபத்து மிகமிக அரிது. ஆனாலும் கிட்னியின் வடிகட்டும் அளவு 30க்குக் கீழே இருந்தால் டாக்டர் யோசித்துத்தான் கொடுப்பார். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு, ஸ்கேன் முடிந்ததும் டயாலிசிஸ் வருகிற மாதிரி நாள் பார்ப்பார்கள். கடைசியாக எடுத்த கிட்னி ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் போங்கள். சி.டி.க்குப் போடும் அயோடின் மருந்து வேறு, இது வேறு. அது ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் இதுவும் ஒத்துக்கொள்ளாது என்று கிடையாது.

"எனக்கு லிஃப்ட்லயே பயம். அந்தக் குழாய்க்குள்ள எப்படி?"

சிலருக்கு உண்மையாகவே முடியாது, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. முன்கூட்டியே சொன்னால் மயக்கம் வராத அளவில் அமைதி மாத்திரை தருவார்கள். அப்படியென்றால் திரும்பும்போது வண்டி ஓட்டக் கூடாது. உள்ளே போகுமுன் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், அல்லது துணியால் மூடச் சொல்லுங்கள். உள்ளே போய்க் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவதில் பிரயோசனம் இல்லை.

"எக்கோவுல 42ன்னு வந்துச்சு, எம்.ஆர்.ஐ.யில 35ங்கிறாங்க. ரெண்டு மாசத்துல இவ்வளவு மோசமா?"

மோசமாகியிருக்க வேண்டும் என்று இல்லை. இந்த எண், ஒவ்வொரு துடிப்பிலும் இடது அறை தன்னிடம் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவிகிதத்தை வெளியே தள்ளுகிறது என்பது. நல்ல இதயமும் 100ஐத் தள்ளாது, 55க்கு மேல் இருந்தாலே சரி. எக்கோ சில கோணங்களில் பார்த்து மீதியைக் கணக்கிடுகிறது. எம்.ஆர்.ஐ. இதயத்தை மேலிருந்து கீழ்வரை துண்டு துண்டாக அளக்கிறது. அதனால் அளவைப் பொறுத்தவரை எம்.ஆர்.ஐ.க்கே மதிப்பு. எக்கோ எண்ணை எக்கோவோடும், எம்.ஆர்.ஐ. எண்ணை எம்.ஆர்.ஐ.யோடும் ஒப்பிடுங்கள். 35 என்பது ஐ.சி.டி. கருவி வைப்பதைப் பற்றி டாக்டர்கள் யோசிக்கும் எல்லை, ஆகவே இதைப் பேசாமல் விட்டுவிடாதீர்கள்.

"எனக்குத் தசை தடிச்சிருக்கு, பரம்பரைன்னாங்க. பிள்ளைங்களுக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கணுமா?"

பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் எல்லோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், ஆனால் முதலில் இ.சி.ஜி.யும் எக்கோவும் போதும். இ.சி.ஜி. மாறியிருந்து எக்கோவில் ஒன்றும் தெரியாவிட்டால் எம்.ஆர்.ஐ. உதவும், ஏனென்றால் இதயத்தின் முனையில் மட்டும் தடிப்பது எக்கோவுக்குத் தப்பிவிடும். உங்கள் அறிக்கையில் தழும்பின் அளவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தழும்பு கூடக்கூட ஆபத்தான துடிப்பு வரும் வாய்ப்பும் கூடும், அதை வைத்துத்தான் அடுத்த முடிவு.

"ஃபுல் பாடி செக்கப்ல இதையும் சேர்த்துத் தர்றாங்க. எடுத்து வச்சிக்கிட்டா நல்லதுதானே?"

என்னைக் கேட்டால் வேண்டாம். ஒரு தொந்தரவும் இல்லாதவருக்கு இந்த ஸ்கேன் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லப் போவதில்லை. அந்தப் பணத்துக்கு வருடா வருடம் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு பாருங்கள். கிளினிக் கெசிஹாத்தானில் 1 ரிங்கிட்டில் ஆரம்பிக்கிற வேலை அது.

"ஸ்கேன் தேதி அடுத்த மாசம். ஆனா நேத்து ராத்திரி நெஞ்சு அழுத்தி, வேர்த்துக் கொட்டிச்சு. தேதி வரைக்கும் பொறுக்கலாமா?"

பொறுக்கக் கூடாது. இன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய் நேற்று நடந்ததைச் சொல்லுங்கள், அப்பாயின்ட்மென்ட் கடிதத்தையும் மருந்துப் பையையும் எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி வலி வந்தால் 999ஐக் கூப்பிடுங்கள், நீங்களே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். ஸ்கேன் தேதியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.